வினிக்குக் கேட்கும்படி வாசிக்கவும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வேறொருத்தி எழுதிய கதையைப் படித்ததால் வந்த கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்தக் கதை பாஸ்டனில் அச்சாகும் ஒரு மாதப் பத்திரிகையில் வந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒரு தென்னாட்டுச் சீமாட்டி’ என்று மட்டும் இருந்தது. அது யாரென்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆற்றங்கரை மேட்டில் இருக்கும் பெரிய வீட்டு மகள் மிஸ் யூலலி கோல்ட்ரி. (சொந்தப் பெயரில் எழுதினால் குடும்பத்துக்கு இழுக்கு என்று அவளுடைய அண்ணன் தடுத்திருந்தான். பத்திரிகை அனுப்பும் பணத்தையும் அவன்தான் வாங்கிக்கொள்கிறான். அவள்மேல் இரக்கம் வரட்டும் என்று இதை எழுதவில்லை. எனக்குத் தெரியும், எழுதுகிறேன்.)

கதையில் ஒரு கறுப்பு ஆயா வருகிறாள். போர் முடிந்து அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கிறார்கள். தோட்டத்திலிருந்து எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆயா மட்டும் எஜமானியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, “என்னை விடுதலை செய்துவிடாதீர்கள் அம்மா” என்று கதறுகிறாள். கடைசிப் பக்கத்தில் எஜமானியின் கையை முத்தமிட்டபடி சாகிறாள். வடநாட்டு வாசகர்கள் அழுதார்களாம்.

அந்த ஆயா சாகவில்லை. அவள் பெயர் ஜெருஷா. போன வாரம்கூட கோல்ட்ரி வீட்டுச் சமையற்கட்டில் எனக்குச் சோள ரொட்டி தந்தாள்.

நான் இங்கே கறுப்பர் பள்ளியில் ஆசிரியை. எங்கள் திருச்சபைகளுக்கென்று வரும் வாரப் பத்திரிகைக்கு ஊர்ச் செய்தியும் எழுதுகிறேன். யாருக்குக் கல்யாணம், யாரை அடக்கம் செய்தார்கள், யாருடைய பசு காணாமல் போனது. கதை எழுதுவது இதற்கு நடுவில்தான்.

2

தொடக்கம் ஒன்று: விடுதலை வந்த நாளில் கோல்ட்ரி தோட்டத்திலிருந்து எல்லாரும் போய்விட்டார்கள், ஒருத்தியைத் தவிர, அவள்—

[நிறுத்திவிட்டேன். இது மிஸ் யூலலியின் தொடக்கம். அவளோடு சண்டை போட உட்கார்ந்து அவளுடைய வாக்கியத்தையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.]

தொடக்கம் இரண்டு: அலபாமா ஆறு அன்று செம்மண் நிறத்தில்—

[எங்கள் ஆறு எல்லா நாளும் செம்மண் நிறம்தான். சொல்லவந்ததைச் சொல்லப் பயமாக இருந்தால் நான் ஆற்றை வர்ணிக்கத் தொடங்கிவிடுவேன்.]

தொடக்கம் மூன்று, நடந்தது நடந்தபடி: பத்திரிகையை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனேன். ஜெருஷா வாசற்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். “அக்கா, உங்களப் பத்தி ஒரு கதை வந்திருக்கு, படிக்கட்டுமா?” என்றேன்.

“யாரு எழுதுனது? நம்ம லாலியா? அடேயப்பா! முன்பல்லு விழுந்தப்ப சோறுன்னு சொல்ல வராது அதுக்கு. இப்ப கதை எழுதுதா! படி, படி.”

மண்டியிடும் இடம் வந்தது.

“முட்டி போட்டேனா? நானா? எனக்கு முட்டிவாதம் டீச்சரு. சாமிகிட்டயே நின்னுக்கிட்டுத்தான் ஜெபம் பண்றேன்.”

“பாவாடையப் புடிச்சு அழுதீங்களாம்.”

“அழுதது அந்தம்மா. உப்புக்கறிக் கொட்டகைச் சாவிய இடுப்புல சொருகிட்டு ஒரு கையால அத அமுக்கிப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நான் பசியோட பாத்துக்கிட்டு நின்னேன்.”

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். போருக்கு முந்தின நல்ல நாட்களைப் பற்றிய பகுதி அது. அதில் ஒரு வாக்கியம்: ‘ஒரு கறுப்புக் குட்டி அன்று குழம்புக் கிண்ணத்தை உடைத்துவிட்டது, ஆயா வழக்கமான தன் சிரிப்போடு துண்டுகளைப் பொறுக்கினாள்.’

“நிறுத்து,” என்றாள் ஜெருஷா. “அத இன்னொரு தடவ படி.”

படித்தேன்.

“பேரு போடலயா?”

“இல்லக்கா.”

“குட்டின்னா போட்டிருக்கு?”

“ஆமா.”

கையிலிருந்த பட்டாணித் தோலை அவள் ஓரமாகப் போடவில்லை. உரித்த பட்டாணியோடு சேர்த்துப் போட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது குட்டி இல்ல டீச்சரு. அது வினி. என் மக.”

3

இனி செய்திக்காரியாக எழுதுகிறேன்.

வினியை விற்றது போருக்கு முந்தின வசந்தத்தில். அப்போது அவளுக்கு ஏழு வயது இருக்கும். சமையற்கட்டிலிருந்து சாப்பாட்டு மேசைக்குப் பண்டம் கொண்டுபோவது அவள் வேலை. அவளுக்கு வெளிர் நிறம். மிஸ் யூலலியின் தகப்பன் பெரிய கோல்ட்ரியின் நெற்றி, பெரிய கோல்ட்ரியின் மேல் உதடு. விருந்தாளிகள் முதலில் அவளைப் பார்ப்பார்கள், பிறகு எஜமானரைப் பார்ப்பார்கள், அதன்பிறகு அவசரமாகத் தட்டைப் பார்ப்பார்கள். பெரிய கோல்ட்ரி ஜெருஷாவிடம் சம்மதம் கேட்டதில்லை. கேட்க வேண்டியதில்லை என்று சட்டமே இருந்தது.

எஜமானியும் கணவனிடம் எதையும் கேட்க முடியாது. சொத்து அவருடையது, வீடு அவருடையது, அவளும் அவருடையவள். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பருத்தி விற்க அவர் துறைமுகத்துக்குப் போயிருந்த வாரம், சாலையில் போன அடிமை வியாபாரியை அழைத்தாள். டெக்சாஸுக்குப் போகிற கூட்டம். முந்தின நாள் கிண்ணம் உடைந்திருந்தது வசதியாகப் போயிற்று. “கை நிதானமில்லாத பிள்ளை, இந்த வீட்டுக்கு ஆகாது,” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பிள்ளைக்கும் அதையே சொன்னாள்.

வண்டியில் ஏற்றும்போது வினி திரும்பத் திரும்பச் சொன்னது, “இனிமே உடைக்க மாட்டேன்.”

*(போதகர் அமாசா பீல் எங்கள் பத்திரிகையை நடத்துகிறவர். இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். “ஆராதனை முடிஞ்சதும் சபையில வாசிக்கிற பத்திரிகை இது. பெண்கள் உக்காந்திருப்பாங்க,” என்றார். ஜெருஷாவிடம் கேட்டேன். அவள் சொன்னது: “பொம்பளைங்க இல்லாம வேற யாரு கேக்கணும்? எழுது டீச்சரு. அது மூஞ்சிக்காகத்தான் அதை வித்தாங்க. கிண்ணத்துக்காகன்னு இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கும் பாவம். இத்தன வருஷமா கையில எதத் தூக்கினாலும் நடுங்கியிருக்கும்.” பகுதி அப்படியே இருக்கிறது.)*

4

அப்படியானால் விடுதலை வந்தபோது ஏன் போகவில்லை? மிஸ் யூலலி இதற்குப் பதினான்கு பக்கம் பதில் எழுதியிருக்கிறாள். ஜெருஷாவின் பதில் இது:

“எல்லாரும் தேடிக்கிட்டுத்தானே போனாங்க? புருஷனத் தேடி, புள்ளையத் தேடி, ஒரு வண்டி ஜார்ஜியாவுக்கு, ஒரு வண்டி மிசிசிப்பிக்கு. நானும் மூட்டையக் கட்டிட்டேன். கட்டிட்டு யோசிச்சேன். அதுக்குத் தெரிஞ்சது இந்தச் சமையக்கட்டு ஒண்ணுதான். அது தேடிக்கிட்டு இங்க வரும். நான் தேடிக்கிட்டு டெக்சாஸ் போயிட்டேன்னா? ரெண்டு பேருமே அலைஞ்சா எந்த எடத்துல சந்திக்கிறது? யாராவது ஒருத்தர் நிக்கணும். அது சின்னப் புள்ள, அது நடக்கட்டும். நான் நிக்கிறேன்னு மூட்டைய அவுத்துட்டேன்.”

நின்றுவிட்டாள். அந்த எஜமானிக்கே சமைத்தாள், அவள் செத்தபோது குளிப்பாட்டினாள், அவள் பிள்ளைகளுக்குச் சமைத்தாள். ஊர் அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தது.

ஏழு வயதுப் பிள்ளையை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தால் முப்பது வயதுப் பெண் வாசலில் வந்து நிற்கும்போது அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று அவளுக்கு ஒரு பயம் உண்டு. அதனால் வினியை மனத்திலேயே வளர்த்து வருகிறாள். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறாள். வினி பிறந்த அதே பீச் அறுவடையில் பிறந்தவள் எங்கள் சபையின் கிளாரா. கிளாராவைப் பார்த்து வினியைத் திருத்திக்கொள்வாள்.

“கிளாராவுக்குப் புள்ள பொறந்து இடுப்பு பெருத்துப் போச்சு. சரி, வினிக்கும் இருக்கும். போன ஞாயித்துக்கிழம பாத்தேன், கிளாரா பாட்டுப் பொஸ்தகத்தக் கொஞ்சம் தள்ளிப் புடிக்கிறா. அதுக்குள்ளயா? எனக்கு ஒரே வருத்தம். வீட்டுக்கு வந்து வினிக்குக் கண்ணக் கொஞ்சம் மங்க வச்சேன்.”

5

மிஸ் யூலலி எனக்குச் சரியாக வரவில்லை. முதல் பிரதியில் அவள் வில்லியாக இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். நேரில் அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. தலைவலிக்காரி, மெல்லிய குரல். இரண்டாம் பிரதியில் அவளை எதுவும் அறியாதவள் ஆக்கினேன். அதுவும் பொய். வினியும் அவளும் ஒரே வயது. சமையற்கட்டின் பின்னால் சேர்ந்து மண்ணில் அப்பம் சுட்டவர்கள். ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்பதை வளர்ந்தபிறகாவது அவள் கண்ணாடியில் பார்த்திருப்பாள்.

இந்தக் கோடையில் அவளுடைய அண்ணன் அந்த வீட்டை மர அறுவை மில்லுக்கு விற்றுவிட்டான். அவளிடம் கேட்கவில்லை. அவள் சமையற்கட்டுக்கு வந்து சொன்னாளாம்:

“ஆயா, அண்ணன் வீட்ட வித்துட்டான். என்னை ஒரு வார்த்த கேக்கல.”

(“கேக்காம விக்கிறது இந்த வீட்டுல புதுசான்னு வாய் வரைக்கும் வந்துச்சு டீச்சரு. முழுங்கிட்டேன்.”)

“நாம மாண்ட்கமரிக்குப் போறோம். உன் பெட்டியையும் கட்டிரு.”

“நான் வரல மிஸ் லாலி.”

“என்ன வெளையாடுறியா? எங்கள விட்டுட்டுப் போக உனக்கு எப்படி மனசு வருது?”

“நான் எங்கம்மா போறேன்? போறது நீங்கதானே. நான் நின்ன எடத்துலதான் நிக்கிறேன்.”

“இந்த எடத்துல என்ன இருக்கு இனிமே?”

“வினி வந்தா யாரு இருப்பா?”

இருபத்தைந்து வருடத்தில் அந்த வீட்டார் முன்னால் அந்தப் பெயர் சத்தமாக ஒலித்தது அதுதான் முதல் தடவை. அதற்கு மிஸ் யூலலி என்ன சொன்னாள்? நான் அங்கே இல்லை. இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: “எந்த வினி?” என்று கேட்டாள்.

இரண்டாம் விதம்: முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, “அவ இன்னும் இருப்பான்னு நெனைக்கிறியா?” என்றாள்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அதில் மனச்சாட்சி இருந்தது, சுவர் இருந்தது. ஜெருஷாவிடம் இரண்டையும் படித்துக்காட்டினேன்.

“ரெண்டும் இல்ல. கையில இருந்த கோப்பையப் பாத்துச்சு. அப்புறம், ‘காப்பி ஆறிப்போச்சு ஆயா, வேற கொண்டா’ன்னுச்சு.”

“அவ்வளவுதானா?”

“காப்பி ஆறல டீச்சரு. ஆவி பறந்துக்கிட்டு இருந்துச்சு.”

6

இந்தக் கதையை நான் பாஸ்டனுக்கு அனுப்பாமல் எங்கள் பத்திரிகைக்கே தருவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பத்திரிகையைப் படிக்கிறவர்களைவிடக் கேட்கிறவர்கள் அதிகம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாராவது எழுந்து அதை வாசிப்பார்கள், இங்கிருந்து டெக்சாஸ் வரை. தொலைந்தவர்களைத் தேடும் விளம்பரங்களைக் கடைசியாக வாசிப்பார்கள். அதற்காகவே எழுத்தறியாதவர்கள் எழுந்து போகாமல் இருப்பார்கள்.

ஜெருஷாவும் ஒருமுறை விளம்பரம் கொடுத்திருக்கிறாள். ஒன்றும் வரவில்லை. பழைய இதழைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ‘சகோதரி ஜெருஷா லிபர்ட்டி தன் மகள் வினியைத் தேடுகிறார்’ என்று இருந்தது. லிபர்ட்டி என்றால் சுதந்திரம்; விடுதலைக்குப் பிறகு போதகர் பீல் அவளுக்குச் சூட்டிய குடும்பப் பெயர். கோல்ட்ரி என்ற சொல் விளம்பரத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஆற்றுத்துறையின் பெயர்கூட இல்லை, அதுவும் கோல்ட்ரி துறை என்பதால்.

போதகரிடம் போனேன்.

“ஆமா, நான்தான் எடுத்தேன்,” என்றார். “அந்தக் கொள்ளைக்காரன் பேர என் பத்திரிகையில அச்சடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். நம்ம ஜனங்களுக்கு நம்ம பேரு வேணும் தங்கச்சி.”

“வேணும்தான் பாஸ்டர். ஆனா டெக்சாஸ்ல யாரோ லிபர்ட்டின்னு ஒரு அம்மா தன் மகளத் தேடுறாங்கன்னு வினி கேட்டிருப்பா. பாவம், யாரு பெத்த புள்ளையோன்னு நெனச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பா.”

போதகர் கெட்ட மனிதர் அல்ல. எங்கள் எல்லாரையும் நிமிர்ந்து நடக்கச் சொன்னவர். அந்த நிமிர்வுதான் இந்தப் பிழையைச் செய்தது. மறுநாள் ஜெருஷாவைப் பார்க்க வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார்.

“சிஸ்டர், அந்தப் பேரப் போட்டா உங்களுக்கு அவமானமா இருக்காதா?”

“எனக்கு மட்டும் அது இனிக்குதா பாஸ்டர்? என் புள்ளைக்குத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதான். போடுங்க. கொட்ட எழுத்துல போடுங்க. அது வந்து சேந்தப்புறம் நாம ரெண்டு பேருமா சேந்து அந்தப் பேரு மேல துப்பிக்கலாம்.”

7

முடிவுகள்.

பாஸ்டன் முடிவு: அந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு முன்பே கதைச் சுருக்கம் அனுப்பியிருந்தேன். தாய் இறுதியில் இறந்தால் வெளியிடலாம் என்றார். கறுப்பர் பேச்சில் இன்னும் கொஞ்சம் வேடிக்கையும் வேண்டுமாம். எழுதிப் பார்த்தேன். வாசலைப் பார்த்தபடி ஜெருஷாவின் கண்கள்—

[ஜெருஷா நிறுத்தினாள். “நான் செத்துட்டேன்னா எழுதுற? அது எங்கேயோ பெஞ்சுல உக்காந்து கேக்கும். மூட்டையக் கட்டி வச்சிருந்தாலும் அவுத்துரும். அடிச்சுரு அத.”]

போதகரின் முடிவு: ஈஸ்டர் காலை, சபை நிறைந்திருக்கிறது, கதவு திறக்கிறது, வெள்ளை உடையில் ஒரு பெண். “ஜனங்களுக்கு நம்பிக்கை வேணும் தங்கச்சி,” என்றார். கதவு வரை எழுதினேன்.

[“வந்துட்டான்னு எழுதினா இன்னும் மோசம். அந்த ஜெருஷாவுக்கு மக கெடச்சாச்சு, அப்ப அது நம்ம அம்மா இல்லன்னு நெனச்சுக்கும். வேற எவளோ எங்கழுத்தக் கட்டிக்கிட்டு நிக்கிறத அது பாக்கணுமா?”]

என் முடிவு: வினி டெக்சாஸில் காய்ச்சலில் இறந்துபோனாள், செய்தி வருகிறது, தாய் பட்டாணி உரித்துக்கொண்டே இருக்கிறாள். இதை ஜெருஷாவுக்குப் படித்துக்காட்டவில்லை. உண்மையாக இருக்கக்கூடியது என்ற ஒரே தகுதிதான் இந்த முடிவுக்கு. தாளை அடுப்பில் போட்டேன்.

இன்னொரு முடிவும் இருக்கிறது. கதை படித்துப் பழகியவர்கள் சற்று முன்னாலேயே அங்கே போய் நின்றிருப்பீர்கள். எனக்கும் முப்பதை ஒட்டிய வயது. நான் அனாதை விடுதியில் வளர்ந்தவள். பெற்றவள் யாரென்று தெரியாது. இந்த ஊருக்கு வந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஜெருஷா என்னைக் கைபிடித்து ஓரமாக நிறுத்தினாள். நெற்றியைப் பார்த்தாள். பிறகு என் காதை மெல்ல மடக்கி, அதன் பின்புறம் பார்த்தாள். (என்ன தேடினாள் என்று எழுத மாட்டேன். அது வினிக்கு மட்டும் தெரிந்தால் போதும்.) விரலை எடுத்துவிட்டு, என் தலைத்துணியைச் சரிசெய்து, “நல்லா இருக்கு காது. போ, சாப்பிடு போ,” என்றாள்.

நான் வினி அல்ல. அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை வைத்துக்கொண்டு என் காதின் பின்புறத்தைப் பார்க்க முயன்றேன். அதை ஒரு கண்ணாடியால் பார்க்க முடியாது.

8

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு எழுத எனக்கு உரிமையில்லை. எந்த முடிவை எழுதினாலும் அது ஒருத்தியை வழியில் திருப்பி அனுப்பிவிடும். முடிவுக்குப் பதிலாக வழி எழுதுகிறேன். நான் இதை எழுதி முடிப்பதற்குள் கோல்ட்ரிகள் போய்விட்டார்கள். சமையற்கட்டை இடித்தாகிவிட்டது. சபைக் கட்டடத்துக்குப் பின்னால் நல்ல அறை ஒன்று தருவதாகப் போதகர் சொன்னார். அங்கிருந்து பழைய வாசல் தெரியாது என்று ஜெருஷா மறுத்துவிட்டாள். கூரை ஒழுகும் ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்துத் துணி வெளுத்துப் பிழைக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல எழுதியது இது:

“கப்பல் கோல்ட்ரி துறையில நிக்கும். இப்ப மில்லுத் துறைன்னு சொல்றாங்க, ரெண்டும் ஒண்ணுதான். எறங்கி மேட்டுல ஏறு. பெரிய வீடு இருக்காது, அந்த எடத்துல மரம் அடுக்கி வச்சிருப்பாங்க. எடம் மாறி வந்துட்டோம்னு திரும்பிராத. அதுக்கு எதுத்தாப்புல, ரோட்டுக்கு இந்தப் பக்கம், துணி காயிற வீடு. மழ பேஞ்சா துணி இருக்காது, அப்பவும் அதான் வீடு. புருஷன் இருந்தா கூட்டிட்டு வா. புள்ளைங்க எத்தன இருந்தாலும் கூட்டிட்டு வா. வெக்கப்பட்டுக்கிட்டு ரோட்டுலயே நிக்காத, தூரத்துல வரும்போதே கூப்புடு. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. ஆயாங்கிறாங்க, சிஸ்டருங்கிறாங்க, அக்காங்கிறாங்க, ஊரே என்னென்னமோ சொல்லிக் கூப்புடுது. அம்மான்னு கூப்புட ஒருத்திதான். அதனால மூஞ்சி தெரியலன்னாலும் பரவால்ல.”

இதை வாசிக்கிறவர் போதகராக இருந்தாலும் சரி, எழுத்துக்கூட்டத் தெரிந்த வேறு யாராக இருந்தாலும் சரி: இந்த இடத்தில் தாளை மடித்துவிட்டு உடனே பாட்டைத் தொடங்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள். பின் பெஞ்சில் இருப்பவர்களுக்கு எழுந்து நிற்கச் சற்று நேரம் வேண்டியிருக்கும்.